இருபத்தேழாம் பக்கத்து ராஜா

தம்பி, நீ அனுப்பிய கூரியர் சனிக்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. உன் அம்மா கவரைக் கத்தரித்து, உள்ளே இருந்த மாதிரி அச்சுப் பிரதியை என் மடியில் வைத்துவிட்டு, நான் சந்தோஷத்தில் அழுவேன் என்று எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சிறுவர்களுக்காக நான் எழுதிய மாவட்ட வரலாற்றுப் புத்தகம், இத்தனை வருஷம் கழித்து, நீ போடும் மறுபதிப்பாக, வண்ணப் படங்களோடு, கெட்டி அட்டையில். அட்டையில் என் பெயர் இவ்வளவு பெரிதாக என் கல்யாணப் பத்திரிகையில்கூட இருந்ததில்லை. உள்ளே உன் முன்னுரை. "இந்தப் புத்தகத்தின் இருபத்தேழாம் பக்கத்தைப் பேசித்தான் என் வாழ்க்கையின் முதல் கோப்பையை வாங்கினேன். என் அப்பா சரிபார்க்காமல் ஒரு வரிகூட எழுதமாட்டார்" என்று எழுதியிருக்கிறாய். அதோடு மூடி வைத்துவிட்டேன். சாயங்காலம் நீ போன் செய்து, "வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போவணும்பா, ஓகேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றபோது, "பாக்கறேன்" என்று வைத்தேன். மனுஷன் ஆசையாக ஒரு காரியம் செய்தால் இந்த ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாரே என்று நினைத்திருப்பாய். முகத்தைத் தூக்கவில்லையப்பா, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். சொன்னால் நீ பாதியில், "பரவால்ல விடுங்கப்பா" என்பாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும். ஊரில் ஒருத்தன் ஒரு தகவலைத் தப்பாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது, துரத்திக்கொண்டு போய்த் திருத்துவேன். நீ நான்காவது படிக்கும்போது பிச்சாவரத்துக்குப் போனோமே, படகோட்டி தன் பாட்டுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தான். நான் குறுக்கே புகுந்து, அது அப்படி இல்லை, இது இப்படி இல்லை என்று ஆரம்பிக்க, அவன் நடு வாய்க்காலில் படகை நிறுத்தி, "சார், நீங்களே வந்து துடுப்பப் போடுங்க, நான் அங்க குந்திக்கிறேன்" என்றான். நீ வெட்கத்தில் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். நான் மட்டும் ஜெயித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம், "ஆதாரம் எங்கடா?" என்று கேட்டுக் கேட்டே பிள்ளைகளை நடுங்க வைத்தவன் நான். இத்தனையையும் எழுதுவது, இனி சொல்லப்போவதை நீ சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்காக.

அந்தப் புத்தகத்தை எழுதிய இரண்டு வருஷமும் லீவு நாளில் நான் வீட்டில் இருந்ததில்லை. கடலூரில் பஸ் ஏறினால் பரங்கிப்பேட்டை, பண்ருட்டி, அண்ணாகிராமம், காட்டுமன்னார்கோயில் என்று சுற்றிவிட்டு, சட்டையெல்லாம் புழுதியாகத் திரும்புவேன். பலா எப்போது வந்தது, முந்திரி யார் கொண்டுவந்தது, ஆற்றங்கரைக் கோட்டையில் யார் இருந்தார்கள் என்று பார்த்தவர்களையெல்லாம் பிடித்துக் கேட்பேன். நீளமான கணக்கு நோட்டு ஒன்று வைத்திருந்தேனே, பச்சை அட்டை, நீகூட அதில் விமானம் வரைந்து உதை வாங்கினாய், அதில்தான் எல்லாவற்றையும் எழுதினேன். நம் மாநிலத்துப் பிள்ளைகளுக்கு டெல்லி சுல்தான் வரிசை தலைகீழாகத் தெரியும், பக்கத்து ஊர் ஏரி எப்படி வந்தது என்று தெரியாதே என்ற ஆதங்கம். அது நிஜமான ஆதங்கம்தான், அதில் பொய் இல்லை.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஒரு ஊரில், காலனித் தெருவை ஒட்டி ஒரு குளம் இருக்கிறது. அப்போது அதற்குக் கஞ்சிக்குளம் என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டதற்கு டீக்கடையில், "கலியமூர்த்தியக் கேளுங்க, லஸ்கரு, அவுருக்குத்தான் தெரியும்" என்றார்கள். மதகு திறந்து மூடுகிற வேலையில் இருந்தவர் அவர். காக்கி அரைக்கால் சட்டையோடு வந்து, என்னைக் குளத்தைச் சுற்றி ஒரு நடை நடக்க வைத்துச் சொன்னார். "மழ பொய்ச்சிப்போன வருஷம் சார். நடவு கெடையாது, அறுப்பு கெடையாது. ஒரு நாளு முழுக்க மண்ணு வெட்னா ஒரு வேள கஞ்சி. எங்க தெரு ஆளுங்க முப்பத்தொரு குடும்பம் வெட்னது சார் இது. தோ இந்தப் புங்க மரம் இருக்குதே, இதுல தூளி கட்டி என்னப் போட்டுட்டுத்தான் எங்கம்மா மண்ணு சொமந்துச்சு." முப்பத்தொரு குடும்பத்துப் பெயரையும் வீட்டு வரிசைப்படி விரல் விட்டுச் சொன்னார். நான் அத்தனையையும் எழுதிக்கொண்டேன். அவர் மகள், பத்து வயசு இருக்கும், ரெட்டைச் சடையோடு எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். புத்தகம் வந்ததும் ஒன்று அனுப்புகிறேன் என்று அவளிடம்தான் சொன்னேன். அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்பதுதான் விஷயமே.

சிதம்பரத்தில் ஒரு மாடியில் அச்சகமும் பதிப்பகமுமாக நடத்திக்கொண்டிருந்தார் ஒருவர். கையெழுத்துப் பிரதியை வாங்கி எல்லாவற்றையும் தலையாட்டிக்கொண்டே படித்தவர், கஞ்சிக்குளத்தில் நின்றார். "சார், நல்லாத்தான் இருக்குது. ஆனா காலனி ஆளுங்க கஞ்சிக்குக் கொளம் வெட்னாங்கன்னு போட்டா எந்த ஸ்கூல்ல வாங்குவான்? பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. சின்னப் புள்ளைங்க புஸ்தகம் சார், ஒரு ராஜாவப் போடுங்க." நான் முறைத்தேன். அவர் எழுந்துபோய் ஒரு பழைய படத்தை எடுத்து வந்தார். வேறு ஏதோ புத்தகத்துக்கு வரைந்து மிஞ்சிய படம். குதிரை மேல் ஒரு ராஜா, கையில் வாள். "படம் ரெடியா இருக்குது. இதுக்குத் தோதா ஒரு கத எழுதிக் குடுங்க. ராஜா வந்தாரு, தாகம் எடுத்துச்சி, கொளம் வெட்னாரு, முடிஞ்சிபோச்சி." படத்துக்கு ஏற்ற மாதிரி சரித்திரம் கேட்டார் தம்பி. "ஆதாரம் எங்க?" என்று கேட்கிற வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது. மறுத்தால் புத்தகமே வராது என்று பயம். என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்ற அல்ப ஆசை.

அதையாவது வேண்டா வெறுப்பாக எழுதினேனா என்றால், அதுவும் இல்லை. கடலூருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே கதை வந்துவிட்டது. மாறுவேடத்தில் வரும் ராஜா, தண்ணீர் கேட்கிறார், ஒரு சிறுமி தன் குடத்தில் மிச்சம் இருந்த ஒரு கை நீரைக் கொடுக்கிறாள், அவர் மனம் உருகி ஒரே நாளில் குளம் வெட்ட உத்தரவிடுகிறார். ரசித்து ரசித்து எழுதினேன். அந்தச் சிறுமிக்கு ரெட்டைச் சடைகூடப் போட்டேன், கலியமூர்த்தி மகளுடைய சடை. சொல்லவே நாக் கூசுகிறது, புத்தகத்திலேயே நன்றாக வந்த பக்கம் அதுதான். கஞ்சிக்குளம் என்ற பெயருக்கும் காரணம் கட்டினேன், ராஜா குடிமக்களுக்குக் கஞ்சி ஊற்றினாராம். வெட்டினவர்கள் பசிக்கு வாங்கிக் குடித்த கஞ்சியை ராஜா கையில் கொடுத்துப் புண்ணியமாக்கிவிட்டேன்.

அடுத்த வருஷம் சிதம்பரத்தில் பேச்சுப் போட்டி நடந்தது, உனக்கு நினைவிருக்கும், நீ ஆறாவது. "நம் மாவட்டத்தின் பெருமை" என்று தலைப்பு. ஒரு நடுவர் வரவில்லை என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். என் பையனும் பேசுகிறான் என்றேன். "அதனால இன்னா சார், ஒங்க பையனுக்கு நீங்க கொறச்சித்தான் போடுவீங்க" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். புத்தகம் எழுதியவர் என்று மைக்கில் அறிமுகம் வேறு. நீ ராஜா கதையைப் பேசினாய். குடத்தைச் சாய்க்கிற மாதிரி கையைக் காட்டினாய், கூடம் முழுக்கக் கைதட்டல். உனக்கு அடுத்து நாலாவதாக ஒரு பெண் வந்தாள். ரெட்டைச் சடை. பேச்சு வேகம், மூச்சு விடாமல். "எங்கள் ஊர்க் கஞ்சிக்குளத்தை எங்கள் தெருவில் இருந்த முப்பத்தொரு குடும்பங்கள் வெட்டினார்கள். என் அப்பா அப்போது தூளியில் கிடந்தார். இதையெல்லாம் புத்தகம் எழுதுகிற ஒரு சார் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அந்தப் புத்தகம் வந்ததும் நீங்கள் எல்லாரும் படிக்கலாம்." அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த ஊர் வெயிலில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தவன், இங்கே சலவைச் சட்டையும் மாலையுமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவளைத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் சலசலத்தார்கள், இப்போதுதானே ராஜா வெட்டினார் என்றான் ஒருவன், அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன்மேல் குற்றம் இல்லை, உனக்கு என்ன தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புத்தகம் எழுதியவர் சொல்லட்டும் என்று மைக்கை என் பக்கம் நகர்த்தினார்கள்.

அங்கே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது தம்பி. "அந்தப் பெண் சொல்வதுதான் சரி." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டில் கேட்ட கதையையும் வரலாற்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது அம்மா. புத்தகம் வந்துவிட்டது. அதில் ராஜா என்றுதான் இருக்கிறது." நல்ல தெளிவான தமிழில், வாத்தியார் குரலில் சொன்னேன். மதிப்பெண் தாளில் 'கருத்து' என்ற கட்டத்தில் சிவப்பு மையால் பூஜ்யம் போட்டேன். அவள் மேடையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இறங்கிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சடை ரிப்பனைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் பரிசு உனக்கு. கோப்பையோடு என் புத்தகமும் ஒன்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் அம்மா, "ஏங்க, அந்தப் பொண்ணு அவ்வளவு தெம்பா சொல்லுதே, நெசமா இருக்குமோ?" என்று கேட்டாள். "சின்னதுங்க எதையாச்சும் ஒளறும்" என்றேன். நீ கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாய்.

இவ்வளவு நாளும் இதை நான் மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பாதே. ஒரு நாளும் மறக்கவில்லை, நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான். உன் கூரியர் வந்த பிறகு அதுவும் முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் உன் அம்மாவிடம், சிதம்பரத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சிப்காட் ரசாயன ஆலைகள் வழியாகப் போகையில் வழக்கம்போல எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், எனக்கு அதுகூட உறைக்கவில்லை. சிதம்பரத்தில் இறங்கி அடுத்த பஸ், காட்டுமன்னார்கோயிலில் டவுன் பஸ். குளத்தங்கரையில் புங்க மரம் அப்படியே நிற்கிறது. அதன்மேல் ஒரு தகரப் பலகை. "ராஜா வெட்டிய குளம்" என்று பெரிதாக, கீழே நாலு வரி. படித்தால், என்னுடைய வரிகள். ஒரு கை நீர், மனம் உருகி, எல்லாம். தூளி கட்டிய கிளைக்குக் கீழே என் பொய்யை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கலியமூர்த்தி வீட்டை விசாரித்தேன். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது என்றார்கள். "அவரு பொண்ணு அமுதா டீச்சரு தோ இந்த ஸ்கூல்லதான் சார் இருக்குது" என்று தொடக்கப் பள்ளியைக் காட்டினார்கள். மதிய இடைவேளை. மூக்குக்கண்ணாடி போட்டு, நரை எட்டிப்பார்க்கிற தலையோடு ஒரு பெண், பிள்ளைகளுக்குத் தட்டு கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரிட்டயர்டு வாத்தியார், கடலூர், பழைய சிறுவர் புத்தகம் ஒன்று தேடுகிறேன் என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை. புத்தகத்தின் பேரைச் சொன்னதும் அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். அதே பழைய பதிப்பு, முதுகில் துணி ஒட்டித் தைத்திருந்தது. இருபத்தேழாம் பக்கத்தைத் திருப்பினேன். குதிரையும் இல்லை, ராஜாவும் இல்லை. அதன்மேல் கோடு போட்ட தாள் ஒட்டியிருந்தது. ஒரு குழந்தையின் கையெழுத்தில், முப்பத்தொரு குடும்பம், ஒரு வேளைக் கஞ்சி, புங்க மரத்துத் தூளி. "வருஷா வருஷம் அஞ்சாவது புள்ளைங்க புதுசா எழுதி ஒட்டுவாங்க சார். பேரு பாதிக்குமேல கெடைக்கல, அப்பாவுக்குத்தான் மொத்தமும் தெரியும், போயிட்டாரு" என்றாள்.

பிறகு டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு அவளே சொன்னாள். "சின்ன வயசுல சிதம்பரத்துல ஒரு போட்டில இதப் பேசி அசிங்கப்பட்டுட்டேன் சார். அன்னிக்கு வீட்டுக்குப் போயி எங்கப்பாகிட்ட, 'நீ பொய் சொல்லிட்ட, ஒன்னால எல்லாரும் என்னப் பாத்துச் சிரிச்சாங்க'ன்னு சண்ட. ஒரு வாரம் அவுருகூடப் பேசல. அவுரு ஒண்ணும் கோவப்படல, 'நான் சொன்னேன்மா, அந்த சாரு எழுதிக்கிட்டாருமா'ன்னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. கடைசி வரைக்கும் அதான் சொன்னாரு." நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு, "இத எழுதினவர் மேல ஒங்களுக்குக் கோவம் இல்லியாம்மா?" என்று கேட்டேன். என்ன துணிச்சல் பார். அவள் சிரித்தாள். "அவுரு மேல இன்னா சார் தப்பு? எங்கப்பா சொன்னது வேற யாரோ ஒரு சாருகிட்ட. இவுருக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சிருந்தா சின்னப் புள்ளய நிக்க வெச்சி அப்பிடிச் சொல்ல மனசு வருமா? மத்தபடி நல்ல புஸ்தகம் சார்." டீ வந்தது. நான், "ஆமாம்மா, தெரிஞ்சிருக்காது" என்று சொல்லி, டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சின்ன வயசில் அவளுக்குச் செய்தது ஒரு பாவம் என்றால், இந்த வயசில் அவள் கையால் டீ வாங்கிக் குடித்தது அதற்கு மேலே.

அதனால் தம்பி, அந்தப் பக்கம் அப்படியே அச்சுக்குப் போகக் கூடாது. உன் ஓவியர் ராஜாவுக்குப் பச்சைப் பட்டுப் போர்த்தி அழகாகத்தான் வரைந்திருக்கிறார், அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன் முன்னுரையில் என்னைப் பற்றிய வரியை எடுத்துவிடு. கோப்பையைப் பற்றியது உன் விருப்பம். ஒன்று மட்டும் சொல்கிறேன், நீ அன்றைக்கு நன்றாகத்தான் பேசினாய், இரண்டாம் பரிசு உனக்கு நியாயமாகவே கிடைத்திருக்கும். நியாயமாகக் கிடைக்கவேண்டியதையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன். தெரியாமல் நேர்ந்த பிழை என்று ஒரு குறிப்புப் போட்டுப் பூசி மெழுகலாம் என்று உனக்குத் தோன்றும், என் மேல் உனக்கு இருக்கிற பாசம் அது. வேண்டாம். ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது என்று போடு. அந்த வார்த்தையோடு போடுவதென்றால் என் பெயர் இருக்கட்டும், இல்லையென்றால் புத்தகமே வேண்டாம். உன் மகள் என்றாவது, "புஸ்தகத்துல அப்டி இல்லியேப்பா" என்று வந்து நின்றால், புத்தகத்தைத் தூக்கிக் காட்டாதே. அவளுக்கு யார் சொன்னது என்று கேள். அந்த ஆளைப் போய்ப் பார். எனக்கு உபதேசம் செய்ய யோக்கியதை இல்லை, ஆனாலும் இதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவனும் இல்லை.

இன்று சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, "பஸ்ஸுல நான் கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். நாளைக்குக் காலையில் மறுபடி அந்த ஊருக்குப் போகிறேன் என்றேன். நானும் வருகிறேன் என்றாள். எதற்கு என்றால், "தனியா போனா நீங்க இன்னொரு டீயக் குடிச்சிட்டுத் திரும்பி வந்துடுவீங்க" என்கிறாள். வாஸ்தவம்தான்.

பச்சை அட்டை நோட்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். உன் விமானம் இருக்கிறது, அதற்கு நாலு பக்கம் தள்ளி முப்பத்தொரு பெயரும் இருக்கிறது. அன்றைக்குக் கலியமூர்த்தி என்னை அப்படியே அனுப்பிவிடவில்லை தம்பி. "எழுதிக்கிட்டீங்களா சார்? ஒருவாட்டி படிங்க, ஒருத்தரும் உட்டுடக் கூடாது" என்று மரத்தடியில் நிறுத்தி வைத்து, எல்லாப் பெயரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு பெயரை நான் விட்டிருந்தேன், அதைச் சேர்த்த பிறகுதான் விட்டார். விட்டுப்போயிருந்தது அவருடைய அம்மா பெயர். நாளைக்கு அமுதாவிடம் அந்த முப்பத்தொரு பெயரையும் மறுபடி வாசிக்கவேண்டும். அதற்கு முன்னால், உன் அப்பா சொன்னது வேறு யாரோ சாரிடம் இல்லையம்மா, நான்தான் என்று சொல்லவேண்டும்.